மோட்டார் சுவிட்சும் ஐம்பத்திரண்டாயிரமும்

சொந்த வீடு வாங்க எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும். சிலர் கௌரவம் என்பார்கள், சிலர் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து என்பார்கள். எனக்கு மோட்டார் போட வேண்டும், அவ்வளவுதான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நானும் கௌரவம், சொத்து என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் கிழக்குப் பக்கத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில் ஒன்பது வருஷம் குடியிருந்தோம். நான், என் கணவர், எங்கள் மகள். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். வெளியூர் போனால் பால் பாக்கெட்டை எடுத்து வைப்பார், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார். ஆனால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் அவருடைய கூடத்தில், தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் இருந்தது.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவர் மோட்டார் போடுவார். நடுவில் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தால், நான் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பாதிப் படி இறங்கி நிற்பேன்.

"சார், மோட்டார் கொஞ்சம் போடுறீங்களா?"

"இப்பத்தானேம்மா போட்டேன்? போட்டுண்டே இருந்தா மோட்டார் என்னத்துக்கு ஆகும்?"

சொல்லிவிட்டுப் போட்டுவிடுவார். ஒரு நாள்கூடப் போடாமல் இருந்ததில்லை. அந்த ஒரு வரியைக் கேட்காமல் மட்டும் எனக்குத் தண்ணீர் வந்ததில்லை. ஒன்பது வருஷமாக அந்த வரியைக் கேட்டதில், அவர் வாயைத் திறக்கும் முன்னே நான் மனதுக்குள் சொல்லி முடித்துவிடுவேன். எரிச்சல் மட்டும் குறையவே இல்லை.

ஒரு சித்திரை மாதக் காலையில், தலை முழுக்கச் சீயக்காய் தேய்த்த பிறகு தண்ணீர் நின்றது. பாதிப் படி இறங்கிப் பார்த்தால் கீழே பூட்டு. இருவரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். தேர்த் திருவிழா நாள், எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. குடத்தில் இருந்த குடிதண்ணீரில் பாதித் தலையை அலசி, மீதியை அப்படியே முடிந்துகொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். நான் தில்லைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். அன்று முழுக்கக் கவுண்டருக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தலையைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"வீடு வாங்குறோம்."

"யாரு?"

"நாமதான்."

அவர் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். கிரேனே நின்றுபோனாலும் பதறாதவர். அன்றும் பதறவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சரி, பார்ப்போம்" என்றார். அவருடைய "பார்ப்போம்" எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையே வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். எங்களை உட்காரவைத்து, கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பிவைத்தே போட்டுக் காட்டினாள். அது எனக்குப் பிடித்திருந்தது, நானும் நோயாளியின் ஆட்களுக்கு அப்படித்தான் காட்டுவேன்.

"முப்பது லட்சம் கடன், இருபது வருஷம்னு வெச்சுக்கங்க மேடம். மாசம் இருபத்தாறாயிரம் வரும். கையில வாங்குற சம்பளத்துல பாதிக்கு மேல தவணை போகக் கூடாது. அப்படின்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் வரணும்."

எங்களுக்கு வந்துகொண்டிருந்தது அவருக்கு முப்பத்தொன்று, எனக்குப் பதினேழு, ஆக நாற்பத்தெட்டு.

"நாலாயிரம்தானே குறையுது" என்றார் என் கணவர், வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தபடி. அந்த "தானே"யைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாலாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? அதைவிட இன்னொன்று உறுத்தியது. போக்கியத்துக்கு இருப்பவர்களுக்கு மாதா மாதம் வீட்டுக்கென்று பணம் எடுத்துவைக்கும் பழக்கமே கிடையாது. குடிவரும்போது வீட்டுக்காரர் கையில் ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வாடகை என்ற பேச்சே இல்லை. காலி செய்யும்போது அதே ஆறு லட்சம் திரும்ப வரும். அதனால் ஒன்பது வருஷமாக நாற்பத்தெட்டாயிரத்தையும் சாப்பாட்டுக்கும், ஸ்கூலுக்கும், ஊர்க் கல்யாணத்துக்குமே செலவழித்து வாழ்ந்திருக்கிறோம். அதில் பாதியைத் திடீரென்று வெட்டி எடுத்தால் உடம்பு தாங்குமா?

"ஒத்திகை பார்ப்போம்" என்றேன்.

திட்டம் இதுதான். சம்பளம் வந்த அன்றே இருபத்தாறாயிரத்தை வேறு ஒரு கணக்கில் போட்டுவிடுவது. அது வங்கிக்குப் போய்விட்டது, இனி நம்முடையது இல்லை என்று நினைத்துக்கொள்வது. மிச்சத்தில் மூன்று மாதம் ஓட்டிவிட்டால் வீடு வாங்கலாம். முடியாவிட்டால் பாதிப் படியில் நின்று "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே காலத்தைக் கழிக்கலாம்.

மகளுக்குப் புது வருஷ ஸ்கூல் பீஸ் எல்லாம் கட்டி முடித்து, ஆடி மாதம் ஒத்திகையைத் தொடங்கினோம். இதைப் படிக்கும் நம் பக்கத்து ஆட்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. மொய் எழுத வேண்டிய அவசியமே இல்லாத மாதமாகப் பார்த்து உட்கார்ந்து எங்கள் செலவை அளந்துகொண்டிருந்தோம். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டத்தோடு கூட்டமாகக் காவிரியில் முங்கி எழுந்து, சித்ரான்னத்தைக் கட்டிக்கொண்டு போய் அங்கேயே சாப்பிட்டோம். ஆடித் தள்ளுபடி போர்டுகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மாதக் கடைசியில் கையில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் இருந்தது.

"பாத்தியா? நாற்பத்தெட்டே போதும். பேங்க்காரங்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியலை" என்றார் என் கணவர். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்த ஆயிரத்தில் ஒரு தலைப்பா பிரியாணிப் பொட்டலமும் மகளுக்கு ஹேர் கிளிப்பும் வாங்கினோம்.

ஆவணி பிறந்தது. என் கணவருக்குச் சொந்த ஊர் தொட்டியம். வாழைத் தோட்டத்துக்காரர்கள், பங்காளி வகையறா பெரிது. காவிரியின் இரண்டு கரையிலும் இவர்களுக்குச் சொந்தம் இருக்கிறது. தபாலில் வந்த பத்திரிகை, நேரில் வந்த பத்திரிகை, வாட்ஸப்பில் வந்த பத்திரிகை என்று ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கினேன். ஒன்றில் என் கணவர் தாய்மாமன் முறை. தாய்மாமன் சீர் என்றால் தட்டு மட்டும் எத்தனை என்று கேட்காதீர்கள். வங்கியில் அந்தப் பெண் போட்ட கணக்கில் ஆவணி மாதமே இல்லை.

மாதம் பாதி போவதற்குள் அந்த "வேறு கணக்கில்" கைவைத்தோம். அது எங்கள் பணம்தான், எங்கள் கணக்குதான், எங்கள் விளையாட்டுதான். ஆனாலும் வங்கிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதுபோல அவமானமாக இருந்தது. வீடு கையைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப ஐம்பத்திரண்டு சும்மா சொல்லலை" என்றார் என் கணவர், சன்னமாக.

"ஐம்பத்திரண்டும் பத்தாது. ஆவணியையும் சேர்த்துப் போடணும்."

அன்று ராத்திரி கணக்கை முதலில் இருந்து போட்டேன். வருஷத்துக்கு ஆகும் மொய், தீபாவளி, ஸ்கூல் பீஸ், ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்ததில், எங்களுக்கு வேண்டியது ஐம்பத்துமூன்று. வங்கியின் கணக்கைவிட ஆயிரம் கூட. அந்த ஆயிரத்துக்கு நாங்கள் பங்காளிகள் என்று பெயர் வைத்தோம்.

வழி ஒன்று இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் பிரிவுக்கு வரச் சொல்லி என்னைப் பல முறை கேட்டிருந்தார்கள். மாதம் ஐயாயிரம் கூட வரும், ஆனால் ராத்திரி எட்டு மணி வரை இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து யார் சமைப்பது என்று மறுத்துக்கொண்டே இருந்தேன்.

"நான் சமைக்கிறேன்" என்றார் என் கணவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்பில் செய்தது வெந்நீர் ஒன்றுதான். ஆனால் மனிதர் சொன்னபடி செய்தார். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வாரா வாரம் பஸ்ஸில் அனுப்பும் வாழைத்தாரையும் பூவையும் தண்டையும் வைத்துக்கொண்டு, திங்கள் வாழைக்காய் வறுவல், செவ்வாய் வாழைப்பூ உசிலி, புதன் தண்டுக் கூட்டு, வியாழன் மறுபடி வாழைக்காய் என்று போனது. காய்கறிக் கடை பக்கமே போகவில்லை. மகள் ஒரு நாள், "அப்பா, இலையை மட்டும்தான் இன்னும் சமைக்கலை" என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நான் இன்ஷூரன்ஸ் பிரிவுக்கு மாறிய மாதம் புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசிக்குக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. கல்யாணமும் கிடையாது. ஆனால் இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. செலவாகாத மொய்யைச் செலவானதாகவே வைத்து, அதையும் தனியாக எடுத்துப் போட்டேன். ஐப்பசியில் தீபாவளி வந்தது. அதையும் அந்தக் கணக்கில் கைவைக்காமல் தாண்டினோம். தீபாவளிக்கு மறுநாள் என் கணவர் வெடிக் குப்பையைக் கூட்டிக்கொண்டே, "இப்ப வீடு பார்க்கலாம்" என்றார். இந்தத் தடவை "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீடு கொள்ளிடப் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு உள்ளே ஒரு தெருவில் அமைந்தது. தனி வீடு, இரண்டு படுக்கையறை. விற்கிறவர் உறையூரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார், கடையைப் பெரிதாக்கப் பணம் வேண்டுமாம். அந்த வீட்டில் வேறு ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்தப் பெண் நர்சரி ஸ்கூல் டீச்சர், என்னைவிடச் சின்னவள். ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். ஹால், சமையலறை எல்லாம் சுமார்தான். பின்பக்கக் கதவுக்கு அருகே வந்தபோது சுவரில் ஒரு பெரிய சுவிட்ச் இருந்தது.

"இது?"

"மோட்டாருங்க்கா. தண்ணி வேணும்னா போட்டுக்கலாம்."

அவளுக்கு அது ஒரு சாதாரண வாக்கியம். நான் அங்கேயே வீட்டை வாங்கிவிட்டேன். பிறகு நடந்த பேரம் எல்லாம் என் கணவருடையது. நாற்பதில் ஆரம்பித்து முப்பத்தெட்டு லட்சத்தில் நிறுத்தினார். முப்பது வங்கிக் கடன், ஆறு எங்கள் போக்கியப் பணம், இரண்டு நான் கட்டி எடுத்த சீட்டுப் பணம். பத்திரச் செலவுக்கு என் வளையல்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்தது.

எல்லாம் உட்கார்ந்த பிறகுதான், உட்கார்ந்த இடத்தில் ஆறு லட்சம் இல்லை என்பது தெரிந்தது. இதுவும் போக்கியத்தில் குடியிருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. "ஆறு லட்சம் இருக்கு, ஆறு லட்சம் இருக்கு" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். அது வீட்டுக்காரரின் பெண் கல்யாணத்தில் அன்றைக்கே சாப்பாடாகவும் நாதஸ்வரமாகவும் போய்விட்டது. அந்தக் கல்யாணத்தில் நாங்களும் சாப்பிட்டோம்.

"புதுசா வர்றவா கொடுத்தா, அன்னிக்கே உங்க கையில கொடுத்துடறேன். ஒரு நாள் வெச்சுக்க மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர். அதுதான் எங்கும் வழக்கம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆள் தேட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. டோல்கேட் வீட்டு டீச்சருக்கு ஸ்கூல் ஸ்ரீரங்கத்தில்தான். வீடு விற்றுப் போனால் அவர்களும் எங்கேயாவது போக வேண்டும். "எங்க போர்ஷனுக்கு வாங்களேன்" என்றேன். வந்து பார்த்தாள், கோபுரம் தெரியும் மொட்டை மாடியைப் பார்த்ததும் சரி என்றாள். வீட்டுக்காரர் ஏழு லட்சம் கேட்டார். அவளுக்காக நான் வாதாடி ஆறிலேயே நிறுத்தினேன். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"பணம் எப்பம்மா தருவீங்க?" என்று அவளைக் கேட்டேன்.

"நாங்களும் இங்க போக்கியம்தாங்க்கா. அதே ஆறு லட்சம். எங்க ஓனர் குடுத்ததும் உடனே குடுத்துடுவோம்."

அவளுடைய ஓனர் என்றால் உறையூர் ஜவுளிக் கடைக்காரர். அவருக்குப் போன் போட்டேன்.

"நீங்க அட்வான்ஸ் குடுத்ததும் அவங்களுக்குக் குடுத்துடுறேங்க" என்றார் அவர்.

நான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமானால் என் வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டும். அவர் தர வேண்டுமானால் டீச்சர் தர வேண்டும். டீச்சர் தர வேண்டுமானால் ஜவுளிக் கடைக்காரர் தர வேண்டும். அவர் தர வேண்டுமானால் நான் தர வேண்டும். இரண்டு வாரம் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் மிக மரியாதையாகப் போன் பேசிக்கொண்டிருந்தோம். கார்த்திகை போய்விட்டால் மார்கழியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், தைக்குள் ஜவுளிக் கடைக்காரருக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். ஐம்பத்துமூன்றாயிரம் சம்பாதித்துக் காட்டியும், யாரிடமும் இல்லாத பணத்துக்காக வீடு போய்விடும் போலிருந்தது.

"நாலு பேரையும் ஒரே இடத்துல உக்கார வெச்சா என்ன?" என்றார் என் கணவர். "லைன்ல எங்க கட் ஆகுதுன்னு தெரிஞ்சுடும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வீட்டுக்காரர் கூடத்தில் கூடினோம். முதலில் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பிறகு யார் முதலில் தருவது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். பணம் கைமாறாமலே, கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாமே என்றார் ஜவுளிக் கடைக்காரர். வங்கிக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் போனது தெரிய வேண்டும் என்று அந்தக் கடன் பிரிவுப் பெண் கறாராகச் சொல்லியிருந்தாள். கையில் இருந்த ஒரே நிஜப் பணம் என் சீட்டுப் பணம், இரண்டு லட்சம்.

"அதையே சுத்தி விடலாம்" என்றேன்.

இரண்டு லட்சத்தைப் போனிலேயே ஜவுளிக் கடைக்காரருக்கு அனுப்பினேன். அவர் அதை டீச்சருக்கு அனுப்பினார். டீச்சர் வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஓடிபியைக் கூடத்துக்கே கேட்கும்படி ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். "சத்தமா சொல்லாதீங்க சார், அது ரகசியம்" என்றார் என் கணவர். "நம்மாத்துலதானே இருக்கோம்" என்றார் அவர். இரண்டு லட்சம் எனக்கே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. மூன்றாவது சுற்று நடுவில் டீச்சருக்கு நெட்வொர்க் போய்விட்டது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட, பின்னாலேயே நாங்கள் எல்லோரும் ஓடினோம். தெருவில் போனவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

"மூணு பிரதட்சணம் ஆச்சு" என்றார் வீட்டுக்கார மாமி, காபித் தட்டோடு வந்து. அப்படி மூன்று சுற்றில் நாலு பேருடைய ஆறு லட்சமும் தீர்ந்தது. திரும்ப வந்த இரண்டு லட்சத்தை நாலாவது முறையாக ஜவுளிக் கடைக்காரருக்கு அனுப்பினேன். அந்தத் தடவை அது திரும்பி வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. அவருக்கு எட்டு லட்சம் வந்து சேர்ந்துவிட்டது. அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே காபி குடித்தோம்.

கார்த்திகைக்குள் பத்திரம் முடிந்தது. தை பிறந்ததும் ஒரே நாளில் இரண்டு குட்டி யானை வண்டிகள் பிடித்து, அவர்கள் இங்கே வர நாங்கள் அங்கே போனோம். இரண்டு வண்டியும் கொள்ளிடப் பாலத்தில் எதிரெதிரே கடந்தபோது டீச்சர் கையாட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தண்ணீர் தேவையே இல்லாமல் மோட்டார் போட்டேன். உர்ரென்று அது கிளம்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை, டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. இங்க மோட்டார் போடச் சொல்லி நீங்க எப்படிக் கேப்பீங்க? தலைல சோப்போட நிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டுச் சுவிட்சை நான் எடுத்துக்கொண்டு, நான் நின்ற பாதிப் படியில் அவளை நிறுத்தியிருக்கிறேன். ஏழு லட்சத்தை ஆறாக்கி அவளுக்கு உபகாரம் செய்த பெருமை எல்லாம் ஒரே நொடியில் இறங்கிப்போனது. "பாதிப் படி இறங்கி, 'சார்'னு கூப்பிடுங்க. திட்டுவாரு, ஆனா போட்டுடுவாரு" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் என் கணவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

"அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார் அவர். "மேல ஒரு சுவிட்ச், கீழ ஒரு சுவிட்ச், டூ-வே போட்டா முடிஞ்சுது. மாடிப்படி லைட்டுக்குப் போடுற மாதிரிதான்."

ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "பேஷா போடுங்கோ. எனக்கும் எழுந்து எழுந்து முட்டி வலிக்கறது" என்றார். ஒயர், பைப், சுவிட்ச் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. டீச்சர் மாடியில் நின்றபடியே மோட்டார் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன், அது தை மாதத்தில் என் முகம் இருந்தது போலவே இருந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டரில் கொள்ளிடப் பாலம் வரை பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஒம்பது வருஷம்! ஆயிரம் ரூபா வேலை! எலக்ட்ரிக்கல்தானே பாக்குறீங்க? ஒரு நாளாவது தோணுச்சா?"

அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை ஓட்டினார்.

"தோணுச்சு. ரெண்டாவது வருஷமே தோணுச்சு."

"அப்ப ஏன் போடலை?"

"போட்டிருந்தா நீ வீடு வாங்கணும்னு சொல்லியிருப்பியா?"

நிஜமாகவே அப்படித் திட்டம் போட்டாரா, பாலத்தின் மேல் வைத்து அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதுகில் ஓர் அடி வைத்தேன். பிறகு அந்த முதுகிலேயே சாய்ந்துகொண்டேன்.

தெருமுனை திரும்பும்போதே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து சுவரெல்லாம் வழிந்து வாசல் வரை ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்பும் அவசரத்தில் போட்ட மோட்டாரை நான் அணைக்கவே இல்லை. பக்கத்து வீட்டம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரமா கத்துறேன்? இப்படிப் போட்டுக்கிட்டே இருந்தா மோட்டார் என்னத்துக்குங்க ஆகும்?"

நான் ஓடிப்போய் அணைத்தேன். அந்தத் தடவை கரண்ட் பில் பங்காளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.